சொந்தக்காரர் இல்லாத மானேஜர்

1

நான் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலை விட்டுக் கடல் தாண்டி வந்து இந்த ஆவணியோடு பதினொரு வருஷம் ஆகிறது. கடல் என்றால் பெரிய கடல் ஒன்றுமில்லை. மலாயாவுக்குப் போன நம்மவர்கள் எழுதும் குறிப்புகளில் புயல் வருகிறது, திமிங்கிலம் வருகிறது. நான் தலைமன்னாரில் கப்பல் ஏறி, வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, போட்டு, மூடி நிமிர்ந்தபோது தனுஷ்கோடி வந்துவிட்டது. ஆனாலும் பிறதேசம் பிறதேசம்தான். இங்கே சேலம் ஜில்லாவில், திருச்செங்கோட்டில், ஓர் உயர்தரப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். மனைவி அன்னம். பிள்ளைகள் இரண்டும் பெண்கள்: புவனத்துக்கு ஒன்பது வயது, கமலத்துக்கு ஐந்து.

மலாயாக்காரர்கள் புலியைக் கண்டதை எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. இந்தக் கோடையில் ஒரு வேலையை ஏற்பதா விடுவதா என்று நான் பட்ட பாட்டைத்தான் எழுத முடியும். புலியிடம் மாட்டியவனுக்கு யோசிக்க இவ்வளவு அவகாசம் கிடைத்திருக்காது.

2

தமிழ் எங்கும் ஒன்று என்று மேடையில் சொல்லுகிறவர்கள் ஒரு தரம் இங்கே வந்து குடியிருந்து பார்க்க வேண்டும். வந்த புதிதில் எல்லோரும் என்னைச் 'சாமி' என்று கூப்பிட்டார்கள். என் நெற்றித் திருநீற்றைக் கண்டு இவ்வளவு மரியாதை செய்கிறார்கள் என்று ஊரில் இருக்கும் என் தகப்பனாருக்கு, ஐயாவுக்கு, பெருமையாகக் கடிதம் எழுதினேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், பக்கத்து வீட்டில் தொட்டிலில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்த பிள்ளையையும் சாமி என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தக் கடிதத்தைத் திருத்தி இன்னொரு கடிதம் நான் எழுதவில்லை.

நாம் கதைப்பது என்று சொல்வதை இங்கே பேசுவது என்கிறார்கள். நாம் பேசுவது என்று சொல்வதற்கு இங்கே திட்டுவது என்று பெயர். பதினொரு வருஷமாகியும் இந்த ஒரு சொல் மட்டும் என்னைப் பயமுறுத்தாமல் விட்டதில்லை. பங்குனி மாசத்தில் ஒருநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ஒரு பஸ் கண்டக்டர் வாசலில் வந்து நின்றான்.

"ஏனுங்க சார், எங்க மொதலாளி உங்ககிட்டப் பேசோணும்ங்கறாருங்க. கையோட கூட்டியாரச் சொன்னாருங்க."

அவனுடைய முதலாளி காளியண்ணன். இந்தப் பக்கத்துப் பெரிய பண்ணைக்காரர். நிலத்தோடு நிற்காமல் ஐந்து பஸ் வாங்கிச் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் விட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய மகன் என் வகுப்பில் படிக்கிறான். போன வாரம்தான் கணக்கில் அவனுக்கு நூற்றுக்கு ஏழு போட்டிருந்தேன். ஆகவே 'பேசோணும்' என்பதை நான் யாழ்ப்பாணத்து அர்த்தத்திலேயே எடுத்துக்கொண்டேன். போகிற வழியெல்லாம், அந்த ஏழும் எந்தெந்தக் கேள்விக்கு எப்படி வந்தது என்று மனசுக்குள் தயார் செய்துகொண்டு போனேன். அதில் இரண்டு மார்க் கையெழுத்துக்காக நான் இரக்கப்பட்டுக் கொடுத்தது. அதையும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

பஸ் கொட்டகையில் ஒரு மரப்பெட்டியின் மேல் காளியண்ணன் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். பெரிய மீசை. என்னைக் கண்டதும் எழுந்து, தோளில் கிடந்த துண்டால் இன்னொரு பெட்டியைத் துடைத்துவிட்டார்.

"உக்காருங்க சாமி. என்ற பையனுக்கு ஏழு மார்க் போட்டது நீங்கதானுங்களே?"

"ஓம்," என்றேன். பயத்தில் இங்கத்திய 'ஆமாம்' வரவில்லை.

"இந்த ஊர்ல அவனுக்கு அம்பதுக்குக் கொறைய எந்த வாத்தியாரும் போட்டதில்லீங்க. அத்தனை பேரும் நம்ம பஸ்ஸுல போறவங்க. உங்களுக்கு மட்டும் எப்பிடிங்க தைரியம் வந்துச்சு?"

தைரியம் ஒன்றும் இல்லை, அவன் யாருடைய மகன் என்று திருத்தும்போது எனக்குத் தெரியாது என்ற உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"என்ற பஸ்ஸுக்கு மானேஜரா வந்துருங்க," என்றார் காளியண்ணன்.

3

அவர் அடுக்கிய காரணங்களை என் தகுதிப் பத்திரமாகச் சட்டம் போட்டு மாட்டலாம். முதலாவது, அந்த ஏழு மார்க். இரண்டாவது, அதிகாரிகளுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுத ஒரு ஆள் வேண்டும். மூன்றாவதுதான் முக்கியமானது.

"இந்த ஜில்லாவுல உங்களுக்குச் சொந்தக்காரங்க ஒருத்தரும் இல்லீங்க. இதுக்கு முந்தி மூணு மானேஜர் வெச்சுப் பாத்துட்டனுங்க. ஒருத்தனுக்கு மாமன், ஒருத்தனுக்கு மச்சான், ஒருத்தனுக்குப் பங்காளி. பஸ் நெறைய ஆளு, பாதிப்பேரு ஓசி. உங்கள ஆரு வந்து சித்தப்பான்னு கூப்புடுவா? கூப்புட்டா அங்கிருந்து கப்பலேறி வந்துதான் கூப்புடோணும்."

பதினொரு வருஷமாக எனக்கு இருந்த பெரிய மனக்குறை அதுதான். ஒரு கலியாணத்துக்கு அழைக்க ஆள் இல்லை, ஒரு காய்ச்சலுக்கு வந்து எட்டிப் பார்க்க ஆள் இல்லை. அதற்கு ஒருவர் சம்பளம் தருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதுவும் பள்ளிக்கூடம் தருவதைப் போல இரண்டு மடங்கு. அதோடு சேலத்தில், அஸ்தம்பட்டியில், வாடகை இல்லாமல் ஒரு வீடு.

"வேலை நேரம் எப்படி?" என்று கேட்டேன்.

"வெடியக்காலம் அஞ்சு மணிக்கு மொத பஸ்ஸுங்க. ராத்திரி ஒம்பதுக்குக் கடேசி பஸ் வந்து நிக்கும்."

"லீவு?"

"பஸ்ஸுக்கு ஏதுங்க லீவு?"

யோசித்துச் சாவகாசமாகச் சொல்லுகிறேன் என்று சொல்ல நினைத்து, நம்முடைய வழக்கப்படி, "ஆறுதலாய்ச் சொல்லுறன்," என்றேன்.

காளியண்ணன் முகம் மாறியது. "எனக்கு என்னங்க துக்கம் வந்துருச்சு, ஆறுதல் சொல்லறதுக்கு?"

அவருக்கு அதை விளங்கப்படுத்தி முடிக்க, ஒரு பஸ் சேலத்துக்குப் புறப்பட்டே போய்விட்டது.

4

வீட்டுக்கு வந்து அன்னத்திடம் சொன்னேன். சொல்லிவிட்டு, ஒரு தியாகியின் முகத்தோடு, "சம்பளம் இரட்டைதான். ஆனால் பிள்ளையளோடை இருக்கிற நேரம் போயிடும். அதை எந்தச் சம்பளம் தரும்? வேண்டாம் எண்டு சொல்லப் போறன்," என்றேன்.

அன்னம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தவில்லை.

"இஞ்சாருங்கோ, எந்த நேரம்?"

"என்ன எந்த நேரம்?"

"பிள்ளையளோடை இருக்கிற நேரம் எண்டு சொன்னியள். அது எந்த நேரம் எண்டு கேக்கிறன். நாலரைக்கு வாறியள். கோப்பி குடிக்கிறியள். பேப்பரை விரிச்சால் ஆறு மணி. பிறகு சரித்திர வாத்தியார் சதுரங்கப் பலகையோடை வருவார். அவர் எழும்பிப் போகேக்கை பிள்ளையள் படுத்திடுங்கள். சனி ஞாயிறு மத்தியானம் நித்திரை. நீங்கள் வீட்டிலை நிக்கிறியள்தான். எங்களோடை நிக்கிறேல்லை."

கணக்கு வாத்தியாரான எனக்கு இந்தக் கணக்கில் பிழை ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அப்ப நான் வேலைக்குப் போறதோ?"

"போங்கோ எண்டும் சொல்லேல்லை. பிள்ளையளின்ரை பேரைச் சொல்லிச் சோம்பலைக் காப்பாத்த வேண்டாம் எண்டு சொல்லுறன். கோடை லீவு இரண்டு மாசம் இருக்குத்தானே. இந்த முறை ஊருக்குப் போகாமல், வீடும் மாறாமல், அந்த வேலையைப் பாருங்கோ. பிறகு முடிவு செய்யலாம்."

ஊருக்குப் போகாமல் இருப்பதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். போன வருஷம் கடற்கரையில், ஆட்களைச் சோதித்து அனுப்புகிற முகாமில், எங்களை ஒரு நாள் முழுக்க நிறுத்திவைத்தார்கள். நான் இலங்கைக்காரன், தோட்டத்துக்கு ஆள் பிடித்துப் போகிற கங்காணி இல்லை என்று சத்தியம் செய்தேன். அதிகாரி நம்புகிற தறுவாயில் கமலம் அவரைப் பார்த்து, "ஏனுங்க, நாங்க எப்பொங்க ஊட்டுக்குப் போறது?" என்று கேட்டாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். ஒருவழியாகக் கோண்டாவிலுக்குப் போனால், ஐயா பேத்திகளின் பேச்சை அரை மணி நேரம் கேட்டுவிட்டு, என்னைத் தனியே கூப்பிட்டு, "உதுகள் என்ன பாஷை கதைக்குதுகள்?" என்றார். வீட்டை 'ஊடு' என்று சொல்லும் பேத்திகளை வீட்டுப் பிள்ளைகள் என்று ஐயாவுக்கு நிரூபிப்பது முகாம் அதிகாரிக்கு நிரூபிப்பதைவிடச் சிரமமாக இருந்தது.

வேலை விஷயமாக ஐயாவுக்கு எழுதியிருந்தேன். உடனே பதில் வந்தது. 'கட்டாயம் ஏற்றுக்கொள். ஆனால் பஸ் என்று யாருக்கும் எழுதாதே. போக்குவரத்து என்று எழுது. நான் இங்கே போக்குவரத்து இலாகா என்று சொல்லிவிட்டேன்.' அடுத்த கடிதத்தில் என் தங்கை எழுதினாள்: 'அண்ணை, உங்களுக்குச் சேலம் ஜில்லாவின் ரோட்டு முழுவதையும் கொடுத்திருப்பதாகக் கோயிலடியில் கதைக்கிறார்கள். உண்மையா?'

பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர், விடுமுறையில் வேறு வேலை பார்ப்பதென்றால் மேலிடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றார். விண்ணப்பித்தேன். பதில் வரும்வரை தாம் என்னைப் பஸ்ஸில் பார்த்தாலும் பார்க்கவில்லை என்று பெருந்தன்மையாகச் சொன்னார். சித்திரையில் கேட்டதற்கு ஆடியில் பதில் வந்தது. போன கோடை விடுமுறையில் நான் வேலை செய்யலாமாம்.

5

மானேஜராகி நான் செய்த முதல் காரியம், பஸ் புறப்படும் நேரங்களைப் பலகையில் எழுதி மாட்டியது. டிரைவர் மாரப்பன் அதை வெகுநேரம் ரசித்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க, சுத்தியும் ஒரு பூ வரைஞ்சா இன்னும் எடுப்பா இருக்கும்," என்றார். பஸ் நிறைந்தால் புறப்படும், நிறையாவிட்டால் நிறையும்வரை நிற்கும். வழியில் யாராவது தோட்டத்திலிருந்து கையைக் காட்டினால், அவர் குளித்து, சாப்பிட்டு, வேஷ்டி மாற்றி வரும்வரையும் நிற்கும். அதுதான் அதுவரை இருந்த நேர அட்டவணை.

முதல் நாள் ஐந்து மணிக்கு ஆறு பேரோடு பஸ்ஸைக் கிளப்பச் சொன்னேன். பின்னால் கூடையும் கோழியுமாக இருபது பேர் சாவதானமாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். பஸ் தங்களை விட்டுவிட்டுப் போகும் என்பதை நம்பாமல், அது போன பிறகும் கொஞ்ச தூரம் அதே நடையில் வந்தார்கள். மறுநாள் நாலரைக்கே எல்லோரும் வந்து என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு ஓசிக்காரர்கள். காளியண்ணனின் மைத்துனர் ஒருவர், சரிகைக் கரை வேஷ்டியோடு முன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தார். டிக்கெட் கேட்டேன்.

"நான் ஆருன்னு தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க," என்றேன். முழு உண்மை. அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அவர் தமக்கும் முதலாளிக்கும் உள்ள உறவை விளக்கினார். நான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு இந்த ஜில்லாவிலேயே சொந்தக்காரர் இல்லை. அந்த அருமை எனக்குத் தெரியாதுங்க," என்று சொல்லி டிக்கெட்டைக் கிழித்து நீட்டினேன். அவர் வாங்கினார். சேலம்வரை அதைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் வாழ்க்கையில் பார்த்த முதல் டிக்கெட் அதுவாக இருந்திருக்கலாம்.

இரண்டு வாரத்தில் என் பெயர் ரோட்டு முழுவதும் தெரிந்துவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் வழியில் எங்காவது ஒரு புளியமரத்தடியில் நின்று, வருகிற பஸ்ஸை மறித்து ஏறிச் சோதிப்பேன். என்னைத் தூரத்தில் கண்டதுமே கண்டக்டர்கள் தலைப்பாகையைச் சரி செய்தார்கள். பள்ளிக்கூடத்தில் பதினொரு வருஷத்தில் எந்தப் பையனும் என்னைக் கண்டு இவ்வளவு பயந்ததில்லை. உள்ளதைச் சொன்னால், அந்த வேலை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அலுமாரியில் கிடந்த கோட்டை எடுத்துத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டேன்.

வீட்டைப் பொறுத்தவரை, நான் புறப்படும்போது பிள்ளைகள் நித்திரை. திரும்பும்போதும் நித்திரை. வளர்ந்துகொண்டிருக்கிறார்கள் என்பதைப் பாயில் அவர்கள் பிடிக்கிற இடத்தை வைத்துத்தான் கண்டுகொண்டேன். ஒருநாள் புவனத்தின் காலில் ஒரு தழும்பு தெரிந்தது. அன்னத்தைக் கேட்டேன்.

"முள்ளுக் குத்தினது."

"எப்ப?"

"குத்தி, சீழ் வைச்சு, கீறி, கட்டி, கட்டு அவிட்டும் ஆச்சு," என்றாள் அன்னம். குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

6

வைகாசி நடுவில் ஒருநாள் காலை, ஆட்டையாம்பட்டியில் நின்று, திருச்செங்கோட்டிலிருந்து வருகிற எட்டு மணிப் பஸ்ஸை மறித்து ஏறினேன். நல்ல கூட்டம். இளம்பிள்ளை ஊர் நெசவுக்காரர்களுக்குப் போகிற நூல் மூட்டைகள் பஸ்ஸுக்குள் நடக்கிற வழியெல்லாம் கிடந்தன. முன்னாலிருந்து வரிசையாக டிக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வழக்கமாக என் பின்னால் வருகிற கண்டக்டர் குப்புசாமி அன்று படியை விட்டு அசையவில்லை.

கடைசிக்கு முந்தின பெஞ்சில் அன்னமும் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். அன்னத்தின் மடியில் ஒரு தூக்குப்போணி. கமலம் என்னைக் கண்டதும் பெஞ்சின் மேல் ஏறி நின்றாள்.

"எங்கை போறியள்?" என்று கேட்டேன்.

"உங்களைப் பாக்கத்தான்," என்றாள் அன்னம். "இண்டைக்குச் சின்னவளின்ரை பிறந்தநாள். ஐயாவோடை சாப்பிட வேணும் எண்டு நாலு நாளாய் அழுகை. சேலத்துக் கொட்டகைக்கு வருவம் எண்டு வந்தம்."

எனக்கு அந்த நாள் நினைவில் இல்லை. பஸ்கள் புறப்படும் நேரம் எல்லாம் நிமிஷத்தோடு நினைவில் இருந்தன. பழக்க தோஷத்தில் கை நீண்டுவிட்டது. "டிக்கெட்?" என்றேன்.

முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

படியிலிருந்து குப்புசாமி சொன்னான்: "அம்மா காசு குடுத்தாங்க சார். நாந்தானுங்க வாங்கல. மானேஜர் ஊட்டு ஆளுங்ககிட்டக் காசு வாங்கறது எப்பிடிங்க?"

ஜில்லாவில் சொந்தக்காரர் இல்லாத மானேஜருக்கு, ஒரே பஸ்ஸில் மூன்று பேர் ஓசியில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சரிகைக் கரை வேஷ்டிக்காரர் அந்த நேரம் அங்கே இல்லாதது என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அதுவும் வீண். அவர் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தார். எழுந்து நின்று பார்த்தார்.

நடுவில் இருந்த ஒரு வயசான குடியானவர், "உடுங்க சாமி, பொடுசுங்க," என்றார். வேறு இரண்டு பேரும், "ஆமாங்க, உடுங்க," என்றார்கள். அவர்கள் பரிந்து பேசியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று பேருக்கும் டிக்கெட் கிழித்தேன், ஒரு முழு, இரண்டு அரை. சட்டைப் பையிலிருந்து காசை எடுத்துக் குப்புசாமியின் பையில் போட்டேன். அன்னம் டிக்கெட்டுகளை வாங்கி, ஒன்றைப் புவனத்திடம் கொடுத்து, ஒன்றைக் கமலத்தின் கையில் வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் சமாளித்திருப்பேன்.

கமலம் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழில், எல்லோருக்கும் கேட்க, என்னைக் கேட்டாள்:

"ஐயா, உங்களப் பாக்கோணும்னா தெனமும் டிக்கெட் வாங்கோணுமுங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. சரிகைக் கரை வேஷ்டிக்காரர் உட்கார்ந்துவிட்டார். நான் பஸ்ஸைப் போகச் சொல்லி விசில் கொடுத்தேன். சேலம்வரை அவர்கள் பக்கத்தில், நூல் மூட்டையின் மேல், உட்கார்ந்து போனேன். அன்று சேலத்துக் கொட்டகையில் நாலு பேருமாக எலுமிச்சம் சோறு சாப்பிட்டோம். நடுவில் மூன்று முறை என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். மூன்றாவது முறை நான் திரும்பி வந்தபோது, திரும்பிப் போகிற பஸ் வந்துவிட்டது என்று அவர்கள் எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தார்கள். பஸ் சரியான நேரத்துக்கு வந்திருந்தது.

7

மறுநாள் காளியண்ணனிடம், விடுமுறை முடிந்ததும் பள்ளிக்கூடத்துக்கே போகிறேன் என்று சொல்லப் போனேன். அவர் என்னைக் கண்டதும் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சாமி, கேள்விப்பட்டனுங்க. சொந்தப் பொண்டாட்டி புள்ளைக்கே டிக்கெட் போட்டீங்களாமே. நாமக்கல் வரைக்கும் இதே பேச்சுங்க. என்ற மச்சினன் எங்கிட்ட வந்து, மானேஜர் ஞாயஸ்தன்னு சொல்லிப்போட்டுப் போறானுங்க. சம்பளத்த இன்னும் கொஞ்சம் ஏத்திப் போடறனுங்க."

நான் எவ்வளவு கெட்ட தகப்பனோ அவ்வளவு நல்ல மானேஜர். இரண்டும் ஒரே காரியத்தால் நிரூபணமாகியிருந்தன.

"நான் நின்று கொள்ளுகிறேனுங்க," என்றேன். நின்று கொள்வதென்றால் இங்கே விலகிக் கொள்வது. இந்தத் தரம் சொல் தவறாமல் வந்தது.

அவருக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. பிறகு வழி கண்டுபிடித்துவிட்டார். "கொழந்தைங்களப் பாக்க முடியலீன்னுதானுங்களே? ஒரு பாஸ் எழுதிக் குடுத்துடறனுங்க. உங்க ஊட்டு ஆளுங்க மூணு பேரும் தெனமும் வந்து உங்களப் பாத்துப்போட்டுப் போகட்டும். ஓசி இல்லீங்க, முறையான பாஸ்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மரப்பெட்டியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லட்டுங்களா? அந்த ஏழு மார்க்குக் கடுதாசி வந்துச்சு பாருங்க, அதப் பாத்துத்தான் என்ற பையன் எந்த வகுப்புல படிக்கறான்னு எனக்குத் தெரிஞ்சுதுங்க. அதுவரைக்கும் ரெண்டு வகுப்பு கீழ இருக்கறான்னு நெனச்சிட்டிருந்தேன். ஊட்டுல இதச் சொல்லல. உங்ககிட்டத்தானுங்க சொல்றேன்."

வெளியே ஒரு பஸ் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தது. "போயிட்டு வாங்க சாமி," என்றார். "பஸ்ஸுல எப்ப ஏறுனாலும் நீங்க டிக்கெட் எடுத்துத்தான் ஆகோணும். நீங்க போட்ட சட்டம்." இந்தத் தரம் சிரித்தார்.

ஐயாவுக்கு எழுதினேன். போக்குவரத்து இலாகாவிலிருந்து தம்முடைய மகன் கௌரவமாக ஓய்வு பெற்றுவிட்டதாக ஊரில் சொல்லியிருப்பதாகப் பதில் வந்தது.

8

பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள், நாலரை மணிக்கு, இரட்டைச் சம்பளத்தைத் தூக்கி எறிந்த தகப்பனாக வீட்டுக்கு வந்தேன். சரித்திர வாத்தியாரை இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரச் சொல்லிவிட்டேன். பேப்பரை மடித்து அலுமாரிக்கு மேல் வைத்தேன். கோப்பியைக் குடித்துவிட்டு, "எங்கை பிள்ளையள்?" என்றேன்.

"விளையாடப் போட்டுதுகள். விளக்கு வைக்கத்தான் வருங்கள்," என்றாள் அன்னம்.

"தினமுமோ?"

"தினமும்தான். பெரியவள் நாலு வருஷமாய்."

அவர்களுக்காக நான் கொண்டு வந்த நேரத்தை வைத்துக்கொண்டு கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன். அன்னம் என்னைப் பார்த்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தேடிப் போனேன்.

மலை அடிவாரத்தில், தண்ணீர் வற்றின குளத்துக்குள், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். என் பிள்ளைகளும் அதற்குள். என்னைக் கண்டு புவனம் ஓட்டத்தை நிறுத்தினாள். "ஏனுங்கய்யா, அம்மா கூப்புட்டாங்களா?"

"இல்லை. சும்மாதான் வந்தன்."

சும்மா வந்த ஒரு பெரிய மனுஷனை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மற்றப் பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். ஆட்டம் கெட்டுப்போகிற நேரத்தில் கமலம் வந்து என் வேஷ்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், குளத்தின் நடுவில் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இங்க ஒரு மரம் வேணுமுங்க. ஓடி வந்து மரத்தத் தொட்டவங்கள ஆரும் புடிக்கக் கூடாது. நீங்கதான் மரம். அசையக் கூடாதுங்க."

நின்றேன். ஆட்டம் மறுபடியும் தொடங்கியது. துரத்தப்பட்டவர்கள் ஒவ்வொருவராக ஓடி வந்து என் காலில், முதுகில், கையில் அடித்துவிட்டு மூச்சு வாங்கினார்கள். கரையில் போன சரித்திர வாத்தியார், "என்ன சார், இங்க நிக்கறீங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்லுவதற்குள் ஐந்தாறு குரல்கள் அவருக்கு விளக்கம் சொல்லி அனுப்பிவிட்டன.

கண்ணை மூடிக்கொண்டு, வந்து படுகிற கைகளில் என் பிள்ளைகளின் கை எது என்று சொல்லிப் பார்த்தேன். கண் திறந்து பார்த்தால் ஒவ்வொரு தரமும் வேறு யாராவது நின்றார்கள். அன்று ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. தினமும் போய் மரமாக நின்றதில், ஆடி பிறந்த பிறகு புவனத்தின் கை தெரிந்தது. அவள் தட்டுவதில்லை, பிடித்துக்கொள்வாள். கமலத்தின் கை இந்த வாரம்தான் தெரிய ஆரம்பித்திருக்கிறது.